மண் அணைகளின் அதிர்வை இப்போதே பதியத் தொடங்க வேண்டும்

மண்ணால் கட்டிய அணைகளும் ஏரிக்கரைகளும் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் உடைகின்றன. வெள்ளம் கரையைத் தாண்டி வழிந்து, வெளிப்புறச் சரிவை அறுத்துக்கொண்டு போவது ஒரு விதம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளம் குளமாகக் கரை போனபோது அதை எல்லோரும் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது மழை. அதற்கு எந்தக் கலிங்கு ஈடுகொடுத்திருக்கும்?

மற்றொரு விதம் கண்ணுக்குத் தெரியாது. வானம் வெளுத்திருக்கும். நீர்மட்டம் அனுமதித்த அளவுக்குள் இருக்கும். கரைமேல் ஆடு மேயும். உள்ளே மட்டும் நீர் ஏதோ ஓர் ஓரத்தில் வழி கண்டுபிடித்து, நுண்ணிய மண்ணைத் துகள் துகளாகத் தன்னோடு வெளியே கொண்டுபோய்க்கொண்டிருக்கும். மதகுக் குழாயை ஒட்டி, பட்டுப்போன மரத்தின் வேர் போன தடத்தில், பழைய கரையும் புதுக் கரையும் சேருமிடத்தில் இது தொடங்கும். வெளிவாய் முதலில் அரிக்கும். அந்த அரிப்பு பின்னோக்கி, நீர்த்தேக்கத்தை நோக்கி ஏறும். ஒருநாள் இரண்டு முனையும் சேர்ந்து குழாயாகிவிடும். அதற்குப் பிறகு கரையைக் காப்பாற்ற நேரம் கிடைப்பதில்லை. பொறியாளர்கள் இதை உள் அரிப்பு என்போம்; பேச்சில் பைப்பிங். உலகெங்கும் உடைந்த பெரிய மண் அணைகளின் வரலாற்றைத் தொகுத்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ பாதி உடைப்புகளுக்கு இந்த உள் அரிப்புதான் காரணம்.

நான் நீர்ப்பாசனப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி மண் அணைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் கழிந்தது. இந்தக் கட்டுரையில் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தமிழ்நாட்டின் மண் அணைகளில் சிலவற்றிலாவது அதிர்வு உணரிகளை நிரந்தரமாகப் பதித்து, கரைக்குள் அதிர்வலை ஓடும் வேகத்தை நாள்தோறும் பதிவு செய்யும் வேலையை உடனே தொடங்க வேண்டும். உடனே என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கொங்குப் பகுதியில் கசிவைக் கண்டு யாரும் பதறுவதில்லை. கீழ்பவானி வாய்க்காலின் மண் கரை வழியே கசியும் நீரை நம்பிக் கிணறுகள் ஊறுகின்றன. ஓடைகளில் கசிவு நீர்ப் பாசனம் நடக்கிறது. கான்கிரீட் போடலாமா கூடாதா என்று அந்த வாய்க்காலில் விவசாயிகள் இரு பிரிவாக நின்றதே இந்தக் கசிவுக்காகத்தான். மண் அணையும் அப்படியே. கசியாத மண் அணை உலகில் எங்கும் கிடையாது. கசிவு தெளிந்து வருகிறதா, கலங்கி வருகிறதா, நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா என்பதே கேள்வி. நீர் வெளியே போகலாம், மண் போகக்கூடாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கரையைக் காவல் பார்த்த ஒரு லஸ்கர். ஏழாவதுக்கு மேல் படித்தவரில்லை. அணையின் அடிவாரத்தில் கசிவு நீரை அளக்க வி வடிவ வெட்டு வைத்த பலகை ஒன்று இருந்தது. அளவைக் குறித்துக்கொள்வதோடு அவர் நிறுத்த மாட்டார். கண்ணாடிப் பாட்டிலில் அந்த நீரைப் பிடித்து, தேதி எழுதி, தன் கொட்டகைத் திண்ணையில் வரிசையாக வைப்பார். ஒரு புரட்டாசியில் ஆள் விட்டு என்னை வரச் சொன்னார். போனபோது இரண்டு பாட்டில்களை எடுத்துக் கையில் கொடுத்தார்.

“மேடம், நேத்துப் புடிச்சது இதுங்க. தெளிஞ்சு நிக்குது. இது காத்தால புடிச்சதுங்க. அடியில பாருங்க.”

இரண்டாவது பாட்டிலின் அடியில் விரல் நகத் தடிமனுக்கு வண்டல் நின்றது.

“எந்த இடத்துலண்ணே?”

“பழைய மதகுக்குக் கெழக்காலீங்க. நண்டு வளைன்னுதான் மொதல்ல நெனச்சனுங்க. நண்டு வளைன்னா இத்தனை மண்ணு வராதுங்க.”

அன்று மாலையே நீர்மட்டத்தைக் குறைக்க அனுமதி கேட்டோம். மறுநாள் ஊர்க்காரர்கள் மண்மூட்டையும் களிமண்ணும் கொண்டுவந்து கசிவு வாயை அடைக்கத் தயாராக நின்றார்கள். அவர்களைத் தடுப்பதே பெரும்பாடாக இருந்தது. வெளிவாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நீர் வேறு இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். கசிவு வாய்மேல் முதலில் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல் என்று அடுக்கினோம். நீர் வெளியேறியது, மண் நின்றது. கரை பிழைத்தது. அந்த லஸ்கர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு நெடுங்காலம் ஆள் போடவில்லை. எந்த அணை, எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஆள் இல்லாத கரைகள் எத்தனை என்பது ஊருக்கு ஊர் தெரிந்த சங்கதி.

அவரைப் போன்ற கண் எல்லாக் கரையிலும் இருந்தாலும் ஒரு சங்கடம் தீராது. கலங்கல் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே அரிப்பு வெகுதூரம் முன்னேறிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு கையில் இருக்கும் காலம் வாரமாகவும் இருக்கலாம், மணிக்கணக்காகவும் இருக்கலாம்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணைக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம் கிடைத்தது. 93 மீட்டர் உயர மண் அணை. கட்டியது அந்நாட்டு நடுவணரசின் நீர்ப்பாசன நிறுவனம். அனுபவத்திலும் படிப்பிலும் குறை சொல்ல முடியாத பொறியாளர்கள். முதல் முறையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது, 1976 ஜூன் 5 சனிக்கிழமை காலை ஏழு மணியளவில், வலப்புற மலைத்தோளை ஒட்டிக் கலங்கல் நீர் ஒழுகுவதைப் பார்த்தார்கள். துளை பெரிதாகிக்கொண்டே போனது. அடைக்கப் போன இரண்டு புல்டோசர்களைப் பள்ளம் விழுங்கிவிட்டது. ஓட்டியவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். உச்சிப்பொழுதுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது அணையின் முகடு சரிந்தது. கலங்கலைக் கண்டதிலிருந்து சரிந்ததுவரை ஐந்து மணி நேரம். பகலாக இருந்ததால் கீழே இருந்த ஊர்களுக்குச் சொல்லி அனுப்ப முடிந்தது. அப்படியும் 11 பேர் இறந்தார்கள். சுமார் 13,000 மாடுகள் போயின.

கந்தளாய்க்கு அந்தப் பகல்கூட வாய்க்கவில்லை. திருகோணமலை மாவட்டத்தின் அந்தக் குளம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. 1986 ஏப்ரல் 20 அன்று அதிகாலை மூன்று மணிக்கு அதன் கரை உடைந்தது. 120 பேருக்கு மேல் உறக்கத்திலிருந்தபடியே வெள்ளத்தில் போனார்கள். 1,600 வீடுகளுக்கு மேல் அழிந்தன. அளவுக்கு மீறிய பாரம் ஏற்றிய வாகனங்களைக் கரைமேல் ஓட்டியது முக்கியக் காரணங்களில் ஒன்று என்று பிறகு சொல்லப்பட்டது. பழங்காலக் கரை, இத்தனை நூற்றாண்டு நின்றது, இனியும் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் நம் ஊர்களிலும் ஏரிக்கரைமேல் டிப்பர் லாரி விடுகிறார்கள்.

இனி அதிர்வுக்கு வருகிறேன்.

பூமி ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. கடலலை கரையில் மோதுவது, காற்று மரத்தை ஆட்டுவது, பேருந்து போவது, மின்நிலையச் சுழலி சுற்றுவது, மதகில் நீர் பாய்வது என எல்லாம் மண்ணில் மிகச் சிறு நடுக்கமாக எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் கால் அதை உணராது. ஜியோபோன் என்ற சின்னக் கருவி உணரும். ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், தரையில் குத்தி நிறுத்த ஓர் ஆணி, அவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். எண்ணெய் தேடுவோர் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திவரும் பழைய கருவி.

நிலநடுக்கம் ஆராய்வோருக்கு இந்த ஓயாத நடுக்கம் வெகுகாலம் வெறும் இரைச்சலாக, கழித்துக்கட்ட வேண்டிய ஒன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்து பூமியின் அமைப்பைப் படிக்கலாம் என்று ஜப்பானிய அறிஞர் கெயிட்டி அகி 1957லேயே எழுதினார். பிரான்ஸின் மிஷேல் காம்பிய்யோவும் ஆன் போலும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையைத் திருப்பிப் போட்டது. இரண்டு இடங்களில் பதிந்த ஒழுங்கற்ற அதிர்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கூட்டினால், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அலை போக எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வெளிப்படும் என்று அவர்கள் காட்டினார்கள். இரண்டு ஆண்டுகளில் தென் கலிஃபோர்னியாவின் நிலத்தடி வரைபடத்தையே இந்த இரைச்சலைக் கொண்டு வரைந்துவிட்டார்கள்.

கரைமேல் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு ஜியோபோன்களை வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். எங்கெங்கிருந்தோ வரும் அதிர்வுகள் இரண்டிலும் பதிகின்றன. ஒரு நிமிடப் பதிவைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆனால் முதல் கருவியைக் கடந்து இரண்டாவதுக்குப் போகும் ஒவ்வோர் அலையும் அதே கால இடைவெளியில்தான் போகிறது. பல மணி நேரப் பதிவை ஒப்பிட்டுக் கூட்டும்போது அந்த இடைவெளி மட்டும் ஓங்கி நிற்கும். மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதல் கருவி இருக்கும் இடத்தில் சம்மட்டியால் அடித்து, இரண்டாவதில் கேட்டால் என்ன கிடைக்குமோ அது கிடைத்துவிடும். யாரும் அடிக்கவும் வேண்டாம், துளை போடவும் வேண்டாம். நன்கு இறுகிய மண்ணில் இந்த அலை விநாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் ஓடும். குறைந்த அதிர்வெண் அலைகள் ஆழமாகப் போகும், உயர்ந்தவை மேலாக ஓடும் என்பதால், எந்த ஆழத்தில் மாற்றம் என்பதையும் ஓரளவு பிரித்தறியலாம்.

இந்த வேகம் ஏன் முக்கியம்? மண்ணின் பலம் மணிகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதில் இருக்கிறது. நுண் மண் வெளியேறினால் அந்தப் பிடி தளர்கிறது. இடையில் நீரின் அழுத்தம் ஏறினால் இன்னும் தளர்கிறது. பிடி தளர்ந்த மண்ணில் அதிர்வலை மெதுவாகத்தான் போகும். ஆகவே வேகம் குறைகிறது என்றால் உள்ளே மண் தளர்கிறது. கலங்கல் வெளிவரும் முன்பே, சரிவில் ஈரம் தெரியும் முன்பே இது தெரியக்கூடும்.

எரிமலையில் இது நடந்திருக்கிறது. நம்மவர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்க் குடியேறிய ரீயூனியன் தீவில் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்றோர் எரிமலை உண்டு. வெடிப்புகளுக்குச் சில நாட்கள் முன்பே அதற்குள் அலைவேகம் சிறிதளவு குறைவதை ஃபுளோராங் பிராங்கியே குழுவினர் 2008இல் காட்டினார்கள். அந்தக் குறைவு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அத்தனை சிறிய மாற்றத்தையும் இந்த முறை பிடிக்கிறது.

மண் கரைகளில் இதைச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் கொலராடோ சுரங்கப் பள்ளி ஆய்வாளர்கள். ஆய்வகத்தில் சிறு கரை ஒன்றைக் கட்டி, வேண்டுமென்றே உள் அரிப்பை உண்டாக்கினார்கள். நெதர்லாந்தில் கரைகளை உடைத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு திட்டம் நடந்தது. அங்கே முழு அளவில் கட்டிய கரை ஒன்றின் சோதனையில் பதிவானதையும் எடுத்துக்கொண்டார்கள். 2016இல் வெளியான அவர்களின் கட்டுரைப்படி, ஆய்வகக் கரையில் அரிப்பு முன்னேற முன்னேற அலைவேகம் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்தது. உடைப்புக்கு முன்பே குறைந்தது. கடலைவிடத் தாழ்ந்த நிலத்தில் கரையை நம்பி வாழும் டச்சுக்காரர்கள் நல்ல கரைகளைக் கட்டி, கருவிகளைப் பதித்து, உடைத்துப் பார்த்தார்கள். கரைக்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பு எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

இதன் எல்லைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முப்பது மீட்டர் உயரக் கரையில் விரல் தடிமன் துளை ஒன்று விழுந்தால் இந்த முறை அதைக் காட்டாது. அரிப்பு ஓரளவு மண்பரப்பைத் தளர்த்தியிருக்க வேண்டும். நீர்மட்டம் ஏறினாலே வேகம் மாறும். மழையில் கரை ஊறினால் மாறும். சித்திரை வெயிலில் மேல்மண் காய்ந்தால் மாறும். மதகு திறந்த நாளின் இரைச்சல் வேறு, மூடிய நாளின் இரைச்சல் வேறு. இவையெல்லாம் கரை நன்றாக இருக்கும்போதே நடக்கும் இயல்பான ஏற்ற இறக்கங்கள். இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதே அரிப்பின் அடையாளம். கழிப்பதற்கு, நலமாக இருக்கும் கரை ஓர் ஆண்டு முழுதும் எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு போதாது. நிறைந்த ஆண்டு, வறண்ட ஆண்டு இரண்டையும் பார்த்திருக்க வேண்டும்.

உடனே தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மற்றக் கருவிகளை ஐயம் வந்த பிறகு வாங்கிப் பொருத்தலாம். சென்ற ஆண்டு கரை எப்படி இருந்தது என்ற பதிவை இந்த ஆண்டு எந்த டெண்டர் விட்டும் வாங்க முடியாது. கனடாவின் பெனட் அணை 183 மீட்டர் உயர மண் அணை. 1996இல் அதன் முகட்டுச் சாலையில் ஒரு சிறு குழி தென்பட்டது. தோண்டிப் பார்த்தால் ஆழத்துக்குத் தளர்ந்த மண். சில மாதங்களில் இரண்டாவது குழியும் தெரிந்தது. நீர்மட்டத்தைத் தாழ்த்தி, துளைகளிட்டு அதிர்வலை வேகத்தை அளந்து, கலவை செலுத்திச் சீர்செய்தார்கள். குழி தெரிந்த பிறகு அளக்க ஓடியது அது. குழி தெரியும் முன்பே அளந்துகொண்டிருக்கும் வாய்ப்பு இன்று நமக்கு இருக்கிறது.

எங்கே தொடங்குவது? பவானிசாகரில் தொடங்கலாம் என்பது என் கருத்து. 1948இல் தொடங்கி 1955இல் முடித்த அணை. நடுவே கல்கட்டு வழிந்தோடியும் இரு பக்கமும் மண் கரையுமாக எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் நீளும். நாட்டின் பெரிய மண் அணைகளில் ஒன்று. 105 அடி வரை நீர் நிற்கும், கொள்ளளவு 32.8 டிஎம்சி. கீழ்பவானி வாய்க்கால் வழியே மட்டும் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. அந்த அணைக்கு ஆபத்து என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நலமாக இருக்கும் கரையில் தொடங்குவதுதான் முறை. ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழையில் நீர் ஏறி, ஆகஸ்ட் நடுவில் பாசனத்துக்குத் திறந்து, கோடையில் இறங்கும் ஒழுங்கான சுழற்சி அதற்கு உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் எப்படி மாறுகிறது என்று படிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதிர்வுக்கும் பஞ்சமில்லை. மின்நிலையம் உண்டு, பூங்காவுக்கு வரும் வண்டிகள் உண்டு, நீர் குடிக்க இறங்கும் யானைகளின் நடையும் பதியும். எட்டுக் கிலோமீட்டரிலும் கருவி வைக்கச் சொல்லவில்லை. மதகுகளை ஒட்டியும், கல்கட்டும் மண் கரையும் சேரும் தோள்களிலும், கரை மிக உயரமாக இருக்கும் பகுதியிலும் வரிசையாகப் பதித்தால் போதும். உள் அரிப்பு தொடங்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதாம்.

சட்டம் இதற்குப் பாதி வழி வந்துவிட்டது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 30 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள அணைகளில் நில அதிர்வுப் பதிவு நிலையம் அமைக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டில் அணையையும் அதிர்வையும் சேர்த்துப் பேசினாலே 1967 டிசம்பரில் கொய்னா அணைப் பகுதியில் நடந்த நிலநடுக்கம் நினைவுக்கு வரும். சட்டம் எழுதியவர்களின் மனத்திலும் அதுதான் இருந்திருக்கும். நிலநடுக்கம் வந்தால் பதிய ஒரு கருவி. நிலநடுக்கமில்லாத மற்ற நாட்களில் அந்தக் கருவி பதிவது குப்பைக்குப் போகும். அந்தக் குப்பையில்தான் கரையின் உடல்நிலை இருக்கிறது. ஒரு கருவி போதாது. கரை நெடுக ஒரு வரிசை வேண்டும், பதிவு ஒரு நொடியும் அறாமல் ஓட வேண்டும், அதைப் படிக்க ஆள் வேண்டும். இந்த மூன்றையும் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையம் மண் அணைகளுக்கான விதியாக எழுதலாம். ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்துக்கு அதிர்வைப் படிக்கத் தெரியும். புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்துக்கு அணையைப் படிக்கத் தெரியும். சென்னை ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அறிவுக்குக் குறையில்லை.

கரைக்குள் நீரழுத்தம் அளக்க ஏற்கெனவே பதித்த பீசோமீட்டர்களே வேலை செய்யவில்லை, புதிதாக இன்னொன்று எதற்கு என்று என்னோடு வேலை பார்த்தவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. கட்டும்போது கரைக்குள் புதைத்த கருவிகள் பழுதானால் தோண்டி எடுத்து மாற்ற முடியாது. அதனால் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. ஜியோபோன் கரைமேல் அரையடி ஆழத்தில் இருப்பது. பழுதானால் பிடுங்கிவிட்டு வேறொன்றை நடலாம். மின்னலும் எலியும் கேபிள் திருட்டும் தொல்லை கொடுக்கும்தான். அதற்குத்தான் லஸ்கர் வேண்டும் என்கிறேன். கருவி வந்துவிட்டால் ஆள் தேவையில்லை என்று யாராவது கோப்பில் எழுதினால் அதை முதலில் எதிர்ப்பவள் நானாக இருப்பேன். வேகம் குறைகிறது என்று கணினி சொன்னால், அந்த இடத்துக்குப் போய்ச் சரிவில் காலை வைத்து ஈரம் பார்க்கவும், பாட்டிலில் நீர் பிடித்துப் பார்க்கவும் ஒரு மனிதர் வேண்டும். காலியான கரைக்காவல் இடங்களை நிரப்புவதும் கருவி பதிப்பதும் ஒரே அரசாணையில் வர வேண்டும்.

பொய் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. வரும். முதல் சில ஆண்டுகளில் அடிக்கடியே வரலாம். அந்த ஆண்டுகளில் பதிவை ஊரைக் காலி செய்யப் பயன்படுத்த வேண்டியதில்லை. ஆளை அனுப்பிச் சரிபார்க்கப் பயன்படுத்தினால் போதும். ஒருமுறை வீணாக நடந்துபோய்ப் பார்ப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

ஏரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரி குளங்கள் உள்ளன. அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமானவற்றையும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில தகுதிகள் உள்ளவற்றையும்தான் கணக்கில் எடுக்கிறது. நம் ஏரிக்கரைகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குள் வராது. எல்லாவற்றிலும் கருவி பதிக்க முடியாது. நான் அதைக் கேட்கவும் இல்லை. கீழே ஊர் நெருக்கமாக இருக்கும் பெரிய ஏரிகளுக்கு, இடம் மாற்றி வைக்கக்கூடிய ஒரு தொகுதிக் கருவியை மாவட்டத்துக்கு ஒன்றாக வாங்கலாம். ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை, தை மாதத்தில் ஒருமுறை அதே இடங்களில் வைத்து அளந்து, பழைய அளவோடு ஒப்பிடலாம். நாள்தோறும் பதிவதற்கு இது ஈடாகாது. இன்றிருக்கும் ஒன்றுமில்லாமைக்கு எவ்வளவோ மேல்.

பதிவுகளை மூடி வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அணையின் நீர்மட்டத்தையும் வரத்தையும் திறப்பையும் இன்று நாளிதழில் பார்க்கிறோம்; தேநீர்க் கடையில் அமர்ந்து அதைப் பேசுகிறோம். கரைக்குள் அலைவேகம் எவ்வளவு என்பதும் அதே பட்டியலில் ஒரு வரியாக வரட்டும். மக்கள் பீதியடைவார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. நீர்மட்டம் 100 அடியைத் தொடும்போது கொங்குநாட்டு விவசாயி பீதியடைவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கிறார்.

இந்தியாவின் பெரிய அணைகள் 6,000க்கு மேல். அவற்றில் 200க்கும் மேற்பட்டவை நூறாண்டைத் தாண்டிவிட்டன. பவானிசாகர், வைகை போன்றவை எழுபதை ஒட்டி நிற்கின்றன. இவற்றைக் கட்டியவர்கள் தங்கள் காலத்தில் கிடைத்த சிறந்த அறிவைக் கொண்டு கட்டினார்கள். நம் காலத்தில் கிடைத்திருக்கும் அறிவை அவற்றின் காவலுக்கு நாம் பயன்படுத்தவில்லை என்றால் அது நம் குற்றம்.

நீர்வளத் துறையின் தலைமைப் பொறியாளர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன், நீர் இறங்கிக் கிடக்கும்போதே, பவானிசாகரில் முதல் வரிசையைப் பதித்துவிடுங்கள். நீர் ஏறத் தொடங்கும் நாளிலிருந்து பதிவு ஓடட்டும். கரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சரிவின் அடியில் கசிவு கலங்கி வருவதைக் கண்டால் நீங்களாக அடைக்காதீர்கள். பாட்டிலில் பிடித்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து, அன்றைக்கே உங்கள் பகுதி நீர்வளத் துறைப் பொறியாளரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.